அந்த ஃபைல் இப்போது யாரிடம் இருக்கிறது?

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் பைத்தான் நிரல்மொழி வகுப்பு தொடங்கும். வகுப்பு என்றதும் பெஞ்சும் கரும்பலகையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு லிங்க், அவ்வளவுதான். அதைத் திறந்தால் வெள்ளைத் திரையில் ஒரு நிரல், அதன் நடுவே ஆளுக்கொரு நிறத்தில் மினுக்கும் கர்சர்கள். நான் வேளச்சேரியில் இருப்பேன். ஊதா நிறக்காரர் ஆவடி, பச்சை நிறக்காரர் வண்ணாரப்பேட்டை, ஆரஞ்சு நிறக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மயிலாப்பூர்க்காரர். பெயரைத் தவிர ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எதுவும் தெரியாது. தெருவில் எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாது. ஆனால் ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் முடித்துவைப்பார்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி, அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, இந்த ஃபைல் இப்போ யார்கிட்ட இருக்கு?"

ஆவடிக்காரர் "அண்ணன் லேப்டாப்ல" என்றார். இன்னொருவர் "கிளவுட்ல" என்றார். மூன்றாமவர் "சர்வர்ல ஓடுறதை நாம எல்லாரும் பார்க்கிறோம்மா, அவ்வளவுதான்" என்றார். பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் எழுதும் இந்த எடிட்டர்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறவர்கள் சொன்ன பதில்கள் இவை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றும் முக்கியமான இடத்தைத் தவறவிடுகின்றன. அந்த இடம் புரியாததால்தான் "எல்லாரும் கை வெச்சா கோட் கெட்டுப்போயிடும்" என்று ஒரு பக்கம் பயப்படுகிறார்கள், "மோதல் வந்தா சாஃப்ட்வேரே பார்த்துக்கும்" என்று இன்னொரு பக்கம் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அன்று அந்த மாணவிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். படிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## முதலில் மூன்று குழப்பங்களைத் தள்ளிவைப்போம்

கல்யாண மண்டபத்தில் மேடை தெரியாதவர்களுக்காகப் பெரிய திரை வைத்திருப்பார்கள். தாலி கட்டுவது நன்றாகத் தெரியும், ஆனால் நீங்கள் வீசும் அட்சதை அந்தத் திரையைத் தாண்டிப் போகாது. வீடியோ அழைப்பில் ஸ்கிரீன் ஷேர் செய்வதும் அப்படித்தான். ஒருவர் கணினியின் படம் மற்றவர்களிடம் ஓடுகிறது. எழுதுகிறவர் ஒருவரே.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்கு இரண்டாவது முறை தெரியும். மாடிக்கு ஒரு குளியலறை. உள்ளே ஆள் இருந்தால் வெளியே வாளியோடு நிற்க வேண்டியதுதான். அலுவலகங்களில் பழைய ஃபைல்கள் இப்படித்தான் இருந்தன. ஒருவர் திறந்துவிட்டால் அடுத்தவருக்கு "வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று வரும். இதற்குப் பூட்டு முறை என்று பெயர்.

மூன்றாவது, கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி. நிரலாளர்களின் அன்றாடமே இதில்தான் ஓடுகிறது. ஆனால் இது நேரலை அல்ல. ஆளாளுக்குத் தனித்தனியே எழுதிக்கொண்டு வந்து, பிறகு சேர்க்கிறார்கள். இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும். "எது வேண்டும், நீயே சொல்" என்று மனிதரிடம் கேட்கும். இந்த நின்று கேட்கும் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் பேசப்போவது இந்த மூன்றும் அல்லாத கூட்டு எடிட்டர். பலர் ஒரே நேரத்தில், காத்திருக்காமல், ஒரே உரையில் எழுதும் கருவி. நிரலாளர்கள் விஷுவல் ஸ்டுடியோ லைவ் ஷேரிலோ ரெப்லிட்டிலோ பார்த்திருப்பார்கள். மற்றவர்களுக்குக் கூகுள் டாக்ஸ் பழக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ரைட்டர் 2005-லேயே வந்துவிட்டதால் நம் ஊருக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. யோசனையோ அதைவிடப் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் தந்தார். மவுஸை உலகத்துக்குக் காட்டிய அதே நிகழ்ச்சிதான். மேடையில் அவரும், பல மைல் தள்ளி மென்லோ பார்க்கில் அவருடைய சகாவும் ஒரே உரையைத் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்து காட்டினார்கள்.

## எல்லோரிடமும் ஒரு பிரதி

மாணவியின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அந்த ஃபைல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆறு பேர் வந்தால் ஆறு பிரதிகள். பெரும்பாலும் சர்வரிலும், அதாவது எல்லோரையும் இணைக்கும் மையக் கணினியிலும், ஒன்று.

ஏன் இத்தனை? சர்வரில் ஒன்றை வைத்து எல்லோரும் அதிலேயே எழுதக் கூடாதா? கூடாது என்று சொல்வது வெளிச்சத்தின் வேகம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடி கேபிள்களில் ஒன்று சிங்கப்பூருக்குப் போகிறது, நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். ஒரு வழிக்கு 16 மில்லிவிநாடி, போய்வர 32. இது பரவாயில்லை. சர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தால்? நேர்கோட்டில் அளந்தாலே 14,000 கிலோமீட்டர் போல வரும். போய்வர 140 மில்லிவிநாடிக்குக் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ஆங்காங்கே நின்று மாறவும் வேண்டும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும்.

வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் விநாடிக்கு ஐந்து எழுத்து அடிப்பார், அதாவது எழுத்துக்கு 200 மில்லிவிநாடி. ஒவ்வொரு எழுத்தும் கடல் தாண்டிப் போய் அனுமதி வாங்கி வந்த பிறகுதான் திரையில் தெரியும் என்றால், விரலுக்குப் பின்னாலேயே எழுத்து நொண்டிக்கொண்டு வரும். யாராலும் அப்படி எழுத முடியாது.

அதனால் கூட்டு எடிட்டர் ஒரு துணிச்சலான வேலை செய்கிறது. நீங்கள் அடித்த எழுத்தை உங்கள் பிரதியில் உடனே போட்டுவிடுகிறது, யாரையும் கேட்பதில்லை. போட்ட பிறகு மற்றவர்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி போய்ச் சேரும் வரை, அரை விநாடிக்கும் குறைவான நேரம்தான் என்றாலும், உங்கள் திரையும் சிங்கப்பூர்க்காரரின் திரையும் வேறு வேறாக இருக்கும். அந்த இடைவெளியில் அவரும் ஓர் எழுத்து அடித்திருந்தால்? கூட்டு எடிட்டரின் முழுப் பிரச்சினையும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் இருக்கிறது.

சுருக்கமாக இதுவரை: பொதுவான ஒரே ஃபைல் என்று ஒன்று கிடையாது. தனித்தனிப் பிரதிகள், அவற்றுக்கிடையே ஓடும் சின்னச் சின்னச் செய்திகள். அந்தச் செய்திகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கடைசியில் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகிவிட வேண்டும்.

## ரேஷன் கடை வரிசையில் மூன்றாவது ஆள்

ஒன்றாவது ஏன் கடினம்? எங்கள் வகுப்பில் எழுதிய ஒரு பட்டியலையே எடுத்துக்கொள்வோம். புறநகர் ரயில் நிலையங்கள்:

எழும்பூர், கிண்டி, தாம்பரம்

ஆவடிக்காரர் எழும்பூருக்கு அடுத்து மாம்பலம் விட்டுப்போனதைக் கவனித்து, இரண்டாவது இடத்தில் அதைச் சேர்க்கிறார். அதே நொடியில் சிங்கப்பூர்க்காரர் தாம்பரம் வேண்டாம் என்று மூன்றாவது இடத்தை அழிக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புகிறார்கள்: "2-ஆம் இடத்தில் மாம்பலம் சேர்", "3-ஆம் இடத்தை அழி".

ஆவடித் திரையில் ஏற்கெனவே மாம்பலம் நுழைந்துவிட்டது. அங்கே இப்போது மூன்றாவது ஆள் கிண்டி. வந்த செய்தியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால் கிண்டி போய்விடும், தாம்பரம் தப்பித்துவிடும். மிஞ்சுவது எழும்பூர், மாம்பலம், தாம்பரம். சிங்கப்பூர்த் திரையிலோ தாம்பரம் முதலிலேயே போயாயிற்று, பிறகு மாம்பலம் வந்து சேர்கிறது. அங்கே எழும்பூர், மாம்பலம், கிண்டி. இரண்டு செய்திகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன, எதுவும் தொலையவில்லை. ஆனாலும் இருவரும் வெவ்வேறு பட்டியலைப் பார்த்துக்கொண்டு "ஆமா, சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ரேஷன் கடை வரிசையில் "மூன்றாவதாக நிற்கிறவரைக் கூப்பிடு" என்று ஒருவர் சொல்லி அனுப்புகிறார். செய்தி கொண்டுவருகிறவர் வந்து சேர்வதற்குள் முன்னால் ஒரு பாட்டி நுழைந்துவிட்டார். மூன்றாவது ஆள் இப்போது வேறொருவர். சொன்னவர் மீதும் தவறில்லை, கேட்டவர் மீதும் தவறில்லை. இடத்தை வைத்து ஆளைக் குறித்ததுதான் கோளாறு.

இதற்கு இரண்டு தீர்வுகள் இருக்கின்றன.

## முதல் தீர்வு: எண்ணைத் திருத்திக்கொள்

"மூன்றாவது ஆள்" என்ற செய்தி வரும்போது, "இவர் சொல்லி அனுப்பிய பிறகு முன்னால் ஒருவர் நுழைந்திருக்கிறார், ஆகவே இவர் மனதில் இருப்பவர் இப்போது நான்காவது" என்று கணக்குப் போடுவது முதல் தீர்வு. ஆவடி எடிட்டர் "3-ஐ அழி" என்பதை "4-ஐ அழி" என்று மாற்றிக்கொண்டு நிறைவேற்றும். தாம்பரம் சரியாகப் போகும். இரண்டு திரையிலும் எழும்பூர், மாம்பலம், கிண்டி.

இந்த முறைக்கு ஆப்பரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன், சுருக்கமாக ஓ.டி. என்று பெயர். வந்த கட்டளையை, இடையில் நடந்தவற்றுக்கு ஏற்ப உருமாற்றிச் செயல்படுத்துவது. 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்தது. கூகுள் டாக்ஸ் இந்த வழியில்தான் போகிறது.

இரண்டு பேர், இரண்டு மாற்றம் என்றால் சுலபம். ஆறு பேர் ஆளுக்கு நான்கு மாற்றம் செய்து, செய்திகள் முன்பின்னாக வந்தால்? எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்ற கணக்கு சீக்கிரமே சிக்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளாக வெளிவந்த வழிமுறைகளிலேயே பின்னால் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் நடைமுறையில் நடுவில் ஒரு சர்வரை உட்கார்த்தி வைக்கிறார்கள். "எது முதலில், எது அடுத்து" என்று அது சொல்லும் வரிசையை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். "சர்வர்ல இருக்கு" என்று சொன்னவரின் பதிலில் இருந்த உண்மை இது. சர்வர் இங்கே ஃபைலின் சொந்தக்காரர் இல்லை, வரிசை எண் கொடுப்பவர்.

## இரண்டாவது தீர்வு: பழைய எண், புதிய எண்

சென்னையில் முகவரி எழுதியவர்களுக்கு இரண்டாவது தீர்வைப் புரியவைப்பது எளிது. "புதிய எண் 31, பழைய எண் 14" என்று எழுதிப் பழகியவர்கள் நாம். மாநகராட்சி எண்ணை மாற்றிய பிறகும் தபால்காரரும் பக்கத்துக் கடைக்காரரும் பழைய எண்ணை விடவில்லை. காரணம், ஒரு வீட்டுக்கு ஒட்டிய அடையாளம் மாறாமல் இருந்தால்தான் யாரும் யாரையும் கேட்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

இடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் பிறக்கும்போதே மாறாத கதவு எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால்? "மூன்றாவதை அழி" என்று சொல்ல வேண்டியதில்லை. "கதவு எண் 14-ஐ அழி" என்றால் போதும். முன்னால் எத்தனை பேர் நுழைந்தாலும் 14 என்பது 14தான்.

நடுவில் புதிதாக ஒன்று வந்தால்? நம் தெருக்களில் என்ன செய்கிறோமோ அதேதான். 14-க்கும் 15-க்கும் இடையில் வீடு கட்டினால் 14/1. அதற்கும் 15-க்கும் நடுவே இன்னொன்று வந்தால் 14/2. பழைய வீடுகளின் எண்ணைத் தொடவே வேண்டாம். ஒரே நேரத்தில் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் 14/1 என்று பலகை மாட்டிவிட்டால், எண்ணோடு சொந்தக்காரர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். 14/1 அமுதா, 14/1 பாஸ்கர். அகரவரிசையில் அமுதா முதலில். இந்த விதியை எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் யாரையும் கூப்பிட்டுக் கேட்காமலே எல்லாப் பிரதியிலும் ஒரே வரிசை வரும்.

வீட்டை இடித்தால்? எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. "இங்கே 14 இருந்தது, இப்போது இல்லை" என்று ஒரு குறிப்பு மட்டும் நிற்கும். ஏனென்றால் எங்கோ தொலைவில் ஒருவர், இடித்தது தெரியாமல், "14-க்குப் பக்கத்தில் இதைக் கட்டு" என்று செய்தி அனுப்பியிருக்கலாம். அது வந்து சேரும்போது 14 எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். இந்தக் குறிப்புக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் டூம்ப்ஸ்டோன், அதாவது நடுகல்.

இப்படி அமைத்த தரவுக்குக் கான்ஃப்ளிக்ட் ஃப்ரீ ரெப்ளிகேட்டட் டேட்டா டைப் என்று நீளமான பெயர். சுருக்கமாக சி.ஆர்.டி.டி. இதே போன்ற யோசனைகள் முன்பே உலவினாலும், இந்தப் பெயரோடு 2011-இல் மார்க் ஷபீரோவும் சகாக்களும் முறைப்படுத்தினார்கள். இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவைக்கப்பட்ட ஒய்ஜெஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற ஆயத்த நிரல் தொகுப்புகள் இந்த வழியில் நடப்பவை. ஸெட் என்ற நிரல் எடிட்டரும் அப்படியே. நான் சொன்ன கதவு எண் முறை, புரிவதற்காக எளிமைப்படுத்திய ஒன்று. இவற்றில் பல, எண்ணுக்குப் பதிலாக "நான் பிறந்தபோது இடப்பக்கம் இன்னார் இருந்தார்" என்று ஒவ்வோர் எழுத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அடிப்படை ஒன்றுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் ஆள் தேவையில்லை என்பது. எங்கள் பச்சை நிறக்காரர் சில சனிக்கிழமைகளில் மெட்ரோவில் இருந்தபடியே வகுப்பில் சேர்ந்துகொள்வார். சின்னமலை வரை மேலே ஓடும் ரயில் சைதாப்பேட்டைக்குள் பூமிக்கடியில் இறங்கும்போது அவருடைய சிக்னல் போய்விடும். அவர் எழுதுவதை நிறுத்துவதில்லை. சிக்னல் திரும்பி வந்ததும் அவர் எழுதிய பதினைந்து வரியும் மொத்தமாக வந்து, எங்களுடையவற்றுக்கு நடுவே அததன் இடத்தில் உட்காரும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சுருக்கமாக: ஓ.டி. இடத்தின் எண்ணைத் திருத்திக்கொண்டே வரும். சி.ஆர்.டி.டி. எழுத்துக்கு நிரந்தர அடையாளம் கொடுத்துவிடும். இரண்டின் வாக்குறுதியும் ஒன்று: கடைசியில் எல்லாத் திரையிலும் ஒரே உரை.

## தமிழில் எழுதும்போது

நாங்கள் மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்களுக்கு, தமிழில் பெயர் வைத்து எழுதுவோம். பைத்தான் அதை அனுமதிக்கிறது. அப்போதுதான் இன்னொரு சிக்கல் தென்பட்டது.

"தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கணினி சேமிக்கும் அலகான பைட்டில், பரவலான யு.டி.எஃப்-8 முறைப்படி எண்ணினால் பதினைந்து. எடிட்டரின் ஒரு பக்கம் குறியை எண்ணி, மறுபக்கம் பைட்டை எண்ணினால் "ஐந்தாவது இடம்" என்பதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். நல்ல எடிட்டர்கள் இதைச் சரியாகக் கையாள்கின்றன. கையாண்டாலும் ஒன்று மிஞ்சும்.

ஒரு வரியில் "படி" என்று ஒரு மாறி. அதை ஒருவர் "படு" என்று மாற்றுகிறார், அதாவது இகரக் குறியை எடுத்துவிட்டு உகரக் குறி போடுகிறார். அதே நேரம் இன்னொருவர் "படை" என்று மாற்றுகிறார், அதே இகரக் குறியை எடுத்துவிட்டு ஐகாரக் குறி போடுகிறார். எடிட்டருக்கு இவை தனித்தனிக் குறிகள். இகரம் ஒருமுறை போகும், உகரமும் ஐகாரமும் இரண்டுமே வந்து உட்காரும். ஒரே டகரத்தின் மேல் இரண்டு உயிர்க்குறிகள். இரண்டாவது குறி பிடிக்க மெய் இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தமிழில் இல்லவே இல்லாத எழுத்து, எல்லோர் திரையிலும் ஒரே மாதிரி. அந்தப் பெயரில் மாறி எதுவும் இல்லை என்று பைத்தான் நின்றுவிடும். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே பாவிக்கும் கூட்டு எடிட்டர்கள் வர வேண்டும் என்பது என் ஆசை. நம் மொழியில் எழுதுகிறவர்கள்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

## ஒரு சைபருக்குப் பதில் இரண்டு

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். சி.ஆர்.டி.டி.யின் பெயரிலேயே "கான்ஃப்ளிக்ட் ஃப்ரீ" என்று இருக்கிறது, மோதல் இல்லாதது. அந்தச் சொல்லை அப்படியே நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அன்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது பின்கோடைப் பார்த்து டெலிவரிக் கட்டணம் சொல்லும் சின்ன நிரல். மயிலாப்பூரின் பின்கோடு 600004. யாரோ அவசரத்தில் 60004 என்று அடித்துவிட்டார். ஒரு சைபர் குறைவு. ஆவடிக்காரர் பார்த்தார், ஒரு சைபர் சேர்த்தார். அதே கணம் சிங்கப்பூரில் இருக்கும் மயிலாப்பூர்க்காரரும் பார்த்தார். தன் ஊர் எண் அல்லவா, அவரும் ஒரு சைபர் சேர்த்தார்.

6000004.

எடிட்டர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. இரண்டு சைபர்களும் தனித்தனி எழுத்துகள், தனித்தனிக் கதவு எண்கள், எதையும் தொலைக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. ஆறு பேர் திரையிலும் அச்சுப் பிசகாமல் ஒரே எண். ஆறு பேர் திரையிலும் தவறான எண். இருவரும் சரியாகத் திருத்தினார்கள், விளைவு தவறு. கல்யாணச் சமையலில் "சாம்பார்ல உப்பு கம்மி" என்று கேட்டு மூன்று பேர் ஆளுக்கொரு கை போட்ட கதை.

"மோதல் இல்லாதது" என்பதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: இயந்திரம் எந்த இடத்திலும் திகைத்து நிற்காது. மனிதர்களின் எண்ணம் மோதாது என்று அது சொல்லவே இல்லை. கிட் நின்று கேட்கும் என்றேனே, கூட்டு எடிட்டர் நிற்காது. எப்படியாவது சேர்த்துவிடும். கிட்டில் இதே சைபர் விவகாரம் நடந்திருந்தால், இருவரும் வரியை ஒரே மாதிரி மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும். அதன் பார்வை வரியில். கூட்டு எடிட்டரின் பார்வை எழுத்தில். எழுத்தளவில் பார்க்கும் கருவிக்குப் பின்கோடு ஆறு இலக்கம் என்பது எப்படித் தெரியும்?

நிரல் என்பதால் இது கதை கட்டுரை எழுதுவதைவிடக் கூடுதலாக வலிக்கும். கட்டுரையில் ஒரு சொல் இரண்டுமுறை வந்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். நிரலில் ஓர் அடைப்புக்குறி கூடினால் எதுவுமே ஓடாது. ஓடாமல் நின்றால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். எங்கள் நிரல் ஓடியது. மயிலாப்பூருக்கு மட்டும் "இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை" என்றது.

## ரங்கநாதன் தெருவில் நடப்பது போல

அப்படியானால் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதும்போது இது நிமிடத்துக்கு நிமிடம் நடக்க வேண்டுமே? நடப்பதில்லை. காரணம் அந்த வண்ண கர்சர்கள்.

தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் நடந்து பாருங்கள். யார் முதலில் என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் எதிரே வருகிறவரின் தோளைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்கிறோம். கர்சர் அந்தத் தோள். அதில் பெயரும் நிறமும் இருக்கும், இப்போது எந்த வரியில் இருக்கிறார் என்று காட்டும். இதற்கு வருகைத் தகவல் என்று சொல்லலாம். இது ஃபைலில் சேமிக்கப்படுவதில்லை, அந்த நேரத்துக்கு வந்து போகிறது. அலங்காரம் என்று நினைத்து இதை அணைத்துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டே இல்லாத வீட்டில் பூட்டின் வேலையைச் செய்வது இதுதான், அணைக்காதீர்கள்.

"முந்தையதை ரத்து செய்" பொத்தானும் இங்கே தனிக் கவனம் கேட்கிறது. தனியாக எழுதும்போது அது கடைசியாக நடந்ததைத் திரும்பப் பெறும். ஆறு பேர் இருக்கும்போது கடைசியாக நடந்தது பெரும்பாலும் வேறொருவர் செய்தது. அதை நீங்கள் அழித்துவிட்டால் அடுத்தவருக்குத் தன் வரி கண்ணெதிரே மறைவதாகத் தெரியும், சண்டைதான் வரும். ஆகவே நல்ல கூட்டு எடிட்டரில் அந்தப் பொத்தான் நீங்கள் செய்ததை மட்டும் திரும்பப் பெறும். புதிய எடிட்டரில் சேர்ந்தால் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது இதைத்தான்.

## எந்தக் கதவைத் திறக்கிறீர்கள்?

தெரிந்தவர்களோடு எழுதுவதற்கும் தெரியாதவர்களோடு எழுதுவதற்கும் கணக்கு முறையில் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் அனுமதியில் இருக்கிறது.

லிங்க் என்பது சாவி. "லிங்க் வைத்திருக்கும் எவரும் எழுதலாம்" என்று வைத்திருந்தால், அது வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறினாலும் எல்லோரும் எழுதலாம். பார்க்க மட்டும் ஒரு லிங்க், எழுத ஒரு லிங்க் என்று பிரித்துவைப்பது நல்லது.

எழுதுவதும் ஓட்டுவதும் வேறு என்பது அதைவிட முக்கியம். உரையாக இருக்கும்வரை நிரல் யாரையும் கடிக்காது. ஓட்டும்போது அது ஏதோ ஒரு கணினியில் ஓடியாக வேண்டும். எந்தக் கணினி? சில கருவிகளில் தொலைவில் உள்ள தனிப் பெட்டி, உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். லைவ் ஷேர் போன்றவற்றில் அழைத்தவரின் சொந்த லேப்டாப். முகம் தெரியாத ஒருவர் எழுதிய வரியை உங்கள் லேப்டாப்பில் ஓட்டுவது, அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதற்குச் சமம். "அண்ணன் லேப்டாப்ல" என்ற ஆவடிக்காரரின் பதில், ஓட்டுவதைப் பொறுத்தவரை சில நேரம் முழு உண்மை.

மூன்றாவதை அனுபவித்துக் கற்றேன். வரைபடச் சேவை ஒன்றின் ரகசியச் சாவியை, அந்த நீளமான எழுத்துச் சரத்தை, கவனமில்லாமல் வகுப்பின் ஃபைலில் ஒட்டிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து அழித்தும்விட்டேன். நிம்மதியாக இருந்தேன். அடுத்த நாள் ஒருவர், "அண்ணா, நேத்து நடந்ததை ஓட்டிப் பார்த்தேன், உங்க சாவி தெரியுது, மாத்திடுங்க" என்று தனியாகச் சொன்னார். பெரும்பாலான கூட்டு எடிட்டர்கள் பழைய நிலைகளை வரலாறாக வைத்திருக்கின்றன. திரையில் இல்லாதது ஃபைலில் இல்லை என்று அர்த்தமல்ல. இப்படி நேர்ந்தால் அழிப்பதோடு நிற்காமல், சேவையின் பக்கத்துக்குப் போய் அந்தச் சாவியையே செல்லாததாக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டும். அன்று அதைச் செய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரென்றே தெரியாத அந்த மனிதர் மீது எனக்கு இன்றும் மரியாதை.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவி தொடங்கிவைத்தது. ஒரு வரியைத் திருத்துவதற்கு முன் கர்சரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். இரண்டு விநாடி அசையாமல் இருப்பார். பிறகு அதன் மேல் ஒரு குறிப்பு வரி எழுதுவார்: "இதை நான் பார்க்கிறேன்". திருத்தி, ஓட்டிப் பார்த்து, குறிப்பை அழிப்பார். போன சனிக்கிழமை அப்படி ஒரு குறிப்பு அவர் பெயரில் தோன்றியபோது, ஏற்கெனவே அந்த வரியில் நின்றிருந்த ஆரஞ்சு கர்சர் மெல்ல மேலே நகர்ந்து, இரண்டு வரி தள்ளிப் போய்க் காத்திருந்தது.